தள்ளத் தள்ள இறுகும் கதவு

"இந்தக் கதவ ஒடச்சிக்கிட்டு உள்ள வர்றவன் இன்னும் பொறக்கல. பொலிஸ் என்னா, பட்டாளமே வரட்டும். அட, அவ்வளவு ஏங்க, சாவியத் தொலச்சிட்டு வெளிய நின்னா நானே உள்ள போக முடியாது!"

பலாபத்வலையில், பெருந்தெருவோரம், தன் பட்டறை வாசலில் நின்று மாணிக்கவாசகம் பாஸ் இப்படி முழங்கியபோது அதைக் கேட்டவர்கள்: கதவுக்கு அளவு கொடுக்க வந்த ஒரு குடும்பம், பஸ்ஸுக்குக் காத்திருந்த இருவர், ஒரு மாடு. மாட்டைத் தவிர எல்லோரும் நம்பினார்கள். குடும்பம் அன்றே முற்பணம் கொடுத்தது. பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர் பஸ்ஸை விட்டுவிட்டு ஜன்னலுக்கும் விலை கேட்டார்.

தச்சர்களையும் மேசன்மாரையும் இந்தப் பக்கத்தில் 'பாஸ்' என்பது வழக்கம். மற்றவர்களுக்கு அது ஒரு மரியாதைச் சொல். மாணிக்கவாசகத்துக்கு மட்டும் அது ஒரு பதவி.

பெரிய மனிதர்களின் பெருமைக்கெல்லாம் இளமையில் ஒரு காரணம் இருக்கும் என்பார்கள். இவருக்கும் இருந்தது. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயம் என்ற வரிசை வீடுகளின் கடைசிக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில் பிறந்தவர். அந்தக் காம்பிராவுக்கும் கதவு என்று ஒன்று இருந்தது. அது தோட்டத்துக்குச் சொந்தம். பச்சைப் பெயின்ட் அடித்த நாலு பலகை. பூட்டுக்குப் பதில் ஒரு கம்பி வளையம். அதைத் தட்டும் பழக்கம் எவருக்கும் கிடையாது. கங்காணி தள்ளுவார், காவல்காரன் தள்ளுவான், மழை பெய்தால் ஆடும் தள்ளும். ஒருமுறை கொழுந்துச் சாக்கு ஒன்று காணாமல் போனது என்று மூன்று பேர் உள்ளே வந்தார்கள். அம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தார்கள். உள்பாவாடை முதல் கல்யாணப் புடவை வரை காலால் கிளறிப் பார்த்தார்கள். அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். சாக்கு பிறகு தோட்டத்து ஸ்டோரிலேயே கிடைத்தது. மன்னிப்புக் கேட்க எவரும் வரவில்லை. வந்திருந்தாலும் தட்டிவிட்டு வந்திருக்கமாட்டார்கள்.

அன்றைக்கு அந்தப் பையன் தச்சன் ஆவதென்று முடிவுசெய்தானாம். இது அவரே சொன்னது. அவர் சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதிப் பாதி ஒரு மனிதனுக்குத் தாராளம்.

பலாபத்வலையில் ஒரு சிங்களப் பாஸிடம் தொழில் படித்தார். பிறகு சொந்தப் பட்டறை போட்டார். மேசை, கட்டில், அலுமாரி எல்லாம் செய்வார். ஆனால் கதவென்று வந்துவிட்டால் அவர் முகமே மாறிவிடும். நன்றாக விளைந்த பலா மரத்தை அறுத்து, மாதக்கணக்கில் நிழலில் காயவைத்து, கனத்த பலகையாகச் சேர்ப்பார். அந்தக் கதவைச் சாத்தினால் வீதியில் லொறி போகும் சத்தம் கூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரும்.

இப்படி இருக்கையில், போதைப்பொருள் வேட்டை என்று பொலிஸார் வீடு வீடாகப் புகுந்து தேடும் காலம் வந்தது. மற்றவர்களுக்கு அது எப்படியோ, தச்சுத் தொழிலுக்கு அது பொற்காலம். காலையில் அவர்கள் கதவை உடைப்பார்கள். மத்தியானம் பாஸ் அளவு நாடாவோடு போய் நிற்பார். தேடி வந்த பொருள் கிடைத்த வீடும் உண்டு, கிடைக்காத வீடும் உண்டு. கதவு எந்த வீட்டிலும் மிஞ்சவில்லை.

களவு உலகமும் காலத்தோடு நடந்துகொண்டது. மிளகு விலை ஏறிக்கிடந்த நேரம். டீசேர்ட் போட்ட நாலு பேர், வேனில் வந்து, "பொலிஸ்! திற!" என்று கத்தி, திறந்ததும் காயவைத்த மிளகை மூட்டையோடு அள்ளிக்கொண்டு போனார்கள். கழுத்தில் படம் போட்ட அட்டை கூடத் தொங்கவிட்டிருந்தார்களாம். இது பக்கத்துத் தெருவில் நடந்தது. வீட்டு மிளகைப் பாஸும் அன்றிலிருந்து கூடத்துக்குள்ளேயே காயவைத்தார். அதன் பிறகு ஊரில் ஒரு கேள்வி பிறந்தது: கதவைத் தட்டுகிறவன் பொலிஸா, கள்ளனா? திறக்காமல் தெரிந்துகொள்ள வழியில்லை. திறந்த பிறகு தெரிந்து பயனில்லை.

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் மாணிக்கவாசகம் மாத்தளை டவுனில் நடந்த கூட்டமொன்றுக்குப் போனார். 'வீட்டுச் சோதனையும் உங்கள் உரிமைகளும்.' சட்டத்தரணி ரஜிதா என்ற இளம் பெண் பேசினார். ஒருவர் தன் உடலையும் வீட்டையும் காத்துக்கொள்ளச் சட்டம் உரிமை தருகிறது என்றார். வீடுடைத்து வருபவனிடமிருந்து தப்ப, உயிருக்கே ஆபத்து என்றால், திருப்பியும் அடிக்கலாம் என்றார். மாணிக்கவாசகம் எழுந்து நின்று கைதட்டினார். எழுந்து நின்ற காரணத்தால், மண்டபத்தின் பின்னால் சோற்றுப் பார்சல் வந்து இறங்குவது அவருக்கு மட்டும் தெரிந்தது. இத்தகைய கூட்டங்களில் கோழிப் பார்சல் கொஞ்சமும் மரக்கறிப் பார்சல் நிறையவும் வரும் என்பது அனுபவஸ்தர்கள் அறிந்த உண்மை.

"ஆனால்," என்று சட்டத்தரணி அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியபோது, நம்மவர் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த ஹார்ட்வெயார் கடை நளீம் நானா மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். அவருக்கு மரக்கறிதான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் பாஸ் மனைவி புஷ்பவதிக்குச் சட்டம் போதித்தார். புஷ்பவதி டவுனில் கோயிலுக்குப் பூக் கட்டும் குடும்பத்துப் பெண். கணவர் பேச்சை இலேசில் கேட்கமாட்டார். கேட்டுவிட்டாரோ, பிறகு அவரே வந்து வேண்டாம் என்றாலும் விடமாட்டார்.

"இங்க பாரு. பொலிஸுன்னு சொல்லுவான். நம்பாத. ஐடெண்டி காட்டுவான். நம்பாத. அட்டை அடிக்க ஒரு போட்டோக்கொப்பிக் கடை போதும்."

"சரி."

"ஒடச்சிக்கிட்டு உள்ள வந்தான்னா, அந்தப் பெரிய மன்னாக் கத்திய எடு. மொதல்ல வர்றவன ஒரே போடு. சட்டம் நம்ம பக்கம்."

"நீங்க சொன்னா திறக்கலாமா?"

இந்த இடத்தில் மாணிக்கவாசகம் தன் வாழ்நாளிலேயே மிகவும் புத்திசாலித்தனமான ஒன்றைச் சொல்லிவிட்டதாக நினைத்தார்.

"நானே சொன்னாலும் திறக்காத! என்னையப் புடிச்சி, கழுத்துல கத்திய வெச்சி, 'உன் பொஞ்சாதியத் திறக்கச் சொல்லுடா'ன்னு மெரட்டுவான். நான் உசிருக்குப் பயந்து கெஞ்சுவேன், அழுவேன், கால்ல விழுவேன். நீ அசையாத."

"நீங்க அழுதாலுமா?"

"அழுதா இன்னும் உறுதியா இரு."

புஷ்பவதி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பின்பக்கம் மண்மேட்டை ஒட்டியிருந்த குசினிக் கதவையும் பாஸ் மறுநாளே கல் வைத்துக் கட்டி அடைத்தார். ஜன்னல்களுக்கு உள்ளே இரும்புக் கம்பி, வெளியே பலாப் பலகை. இப்போது அந்த வீட்டுக்கு ஒரே வாசல். அந்த வாசலுக்கு அந்தக் கதவு. இதையும் பட்டறை வாசலில் நின்று ஊருக்கெல்லாம் சொன்னார்.

ஊர் கேட்டது. ஊரென்றால் அதில் எல்லோரும் அடக்கம். 'பொலிஸ் நுழைய முடியாத வீடு' என்று ஒரு மனிதன் ஓயாமல் சொன்னால், உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது யோசிக்கத்தானே செய்வார்கள்? யோசித்தவர் தான் யோசித்ததைப் பொலிஸுக்குத் தகவல் கொடுக்கும் தொலைபேசி இலக்கத்துக்குச் சொன்னார்.

ஒரு சனிக்கிழமை முற்பகல். மாணிக்கவாசகம் நளீம் நானாவின் கடையில் கதவுப் பிணைச்சல் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"என்னங்க, வந்துட்டானுங்க."

"யாரு?"

"மிளகுக் கள்ளனுங்க. நாலு பேரு. டீசேர்ட்டு. வேன்ல வந்திருக்கானுங்க. பொலிஸ், திறன்னு கத்துறானுங்க."

"தாழ்ப்பாள் போட்டியா?"

"மூணும் போட்டுட்டேன்."

"அப்பப் பயப்படாத. கதவு நிக்கும். தப்பித் தவறி ஒடஞ்சா, சொன்னது ஞாபகம் இருக்குல்ல? மொதல்ல வர்றவன ஒரே வெட்டு. போன நிப்பாட்டி வையி, ரெண்டு கையும் வேணும்."

புஷ்பவதி சொன்னபடி செய்தார். பாஸ் நளீம் நானாவின் ஓட்டோவில் பாய்ந்தார். போகும் வழியெல்லாம் அவருக்குக் கோபமும் பெருமையும் மாறி மாறி வந்தன. கள்ளன்கள் எந்தக் கதவிடம் வந்து மாட்டிக்கொண்டார்கள் பார்!

வீட்டு முன்னால் கூட்டம் சேர்ந்திருந்தது. பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். வெள்ளை வேன் ஒன்று நின்றது. டீசேர்ட் போட்ட நால்வரில் ஒருவன் திரும்பிப் பார்த்து, "பாஸ்! நீங்களா? இது உங்க வீடா?" என்றான்.

கான்ஸ்டபிள் ஹஸீப். அவனுடைய உம்மாவின் அலுமாரியைச் செய்து கொடுத்தவரே இவர்தான். யூனிபோர்ம் இல்லாவிட்டாலும் ஹஸீப் ஹஸீப்தான். அவன் பொலிஸ் என்றால் மற்ற மூவரும் பொலிஸ். அப்படியென்றால் உள்ளே நிற்கும் புஷ்பவதி கையில் கத்தியோடு காத்திருப்பது...

மாணிக்கவாசகம் போனை எடுத்து அழைத்தார். நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அவர் சொல்லித்தான்.

"புஷ்பா!" கதவில் இரண்டு கையாலும் அடித்தார். "புஷ்பா, நான்தான்! திற! இது நெசப் பொலிஸ்!"

உள்ளேயிருந்து புஷ்பவதியின் குரல், தாழ்ந்து, அன்பாக:

"கழுத்துல வெச்சிருக்கானுங்களா?"

"ஒண்ணும் வெக்கல! திறடி!"

"என்னைய ஒரு நாளும் நீங்க 'டி' போட்டதில்ல. பயந்திட்டீங்க, பாவம். கவலப்படாதீங்க. நீங்க சொல்லித்தந்த மாதிரியேதான் செய்றேன்."

"சொல்லித்தந்தவன்தான் இப்ப திறக்கச் சொல்றேன்!"

"அப்பிடித்தான் சொல்லுவீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

ஹஸீப் முன்னால் வந்தான். "அக்கா, நான் ஹஸீப். பாஸ்தான் எங்க உம்மாட அலுமாரியச் செஞ்சி தந்தாங்க."

"அலுமாரி செஞ்சது அவரு. அத அவருகிட்டப் பேசு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மாணிக்கவாசகத்துக்கு அழுகை வந்தது. "புஷ்பா, கெஞ்சிக் கேக்குறேன்..." என்று குரல் உடைந்தது. உள்ளே, தாழ்ப்பாள்களை இன்னொரு முறை இறுக்கும் சத்தம் கேட்டது. அழுதால் இன்னும் உறுதியாக இருக்கும்படி சொல்லியிருந்தாரல்லவா? இருந்தார்.

சப் இன்ஸ்பெக்டர் அபேரத்ன பொறுமையான மனிதர் போலத்தான் தெரிந்தார். ஆனால் பொறுமைக்கும் ஒரு வேலை நேரம் உண்டு. அவரிடம் மாணிக்கவாசகம் சிங்களத்தில் பேசினார். பட்டறையில் படித்த சிங்களம். கதவு, ஜன்னல், முற்பணம் தவிர வேறெதற்கும் அதுவரை உதவியதில்லை.

"சேர், தேடுறதுக்கு நீதிமன்றத்து உத்தரவு இருக்கா?"

"நியாயமான சந்தேகம் இருக்கு."

"என்ன சந்தேகம் சேர்?"

"எந்தப் பொலிஸும் உள்ள நுழைய முடியாத வீடுன்னு ஊர் முழுக்கச் சொன்னது யாரு? நாங்களா?"

மாணிக்கவாசகம் கூட்டத்தில் நின்ற தன் வாடிக்கையாளர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார் அபேரத்ன.

"மிளகு சேர். அப்புறம் என் பொஞ்சாதி."

"அப்ப ஏன் திறக்கிறதில்ல?"

இதை விளக்க மாணிக்கவாசகம் முயன்றார். கள்ளன், கழுத்தில் கத்தி, கெஞ்சினாலும் திறக்காதே என்று தானே சொன்னது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது பொய் போலவே இருந்தது. உண்மை சில நேரம் அப்படித்தான், கேட்பவர் முகத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டுவிடும். உள்ளே எதையோ கழிப்பறையில் கொட்டிக் கரைக்க நேரம் கடத்துகிறான் என்று அபேரத்ன முடிவுசெய்தார். "உடைங்க," என்றார்.

வேனிலிருந்து சம்மட்டி வந்தது. தடித்த கான்ஸ்டபிள் ஒருவர் உள்ளங்கையில் துப்பிக்கொண்டு முதல் அடியைப் போட்டார். கதவு 'தொம்' என்றது, அசையவில்லை. இரண்டாவது. மூன்றாவது. கூரையிலிருந்த காகம் பறந்தது. கதவில் ஒரு வடு. அவ்வளவுதான்.

"அப்பா, பலான்னா பலாதான்," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நம்ம வீட்டுக் கதவும் இதே ஆளு செஞ்சதுதான்," என்றது இன்னொரு குரல், நிம்மதியாக.

மனித மனம் எவ்வளவு கேவலமானது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஒவ்வொரு அடிக்கும் மாணிக்கவாசகம் கையை நீட்டித் தடுக்கப் பார்த்தார். ஒவ்வொரு அடியும் தோற்றபோது நெஞ்சின் ஒரு மூலையில் ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. அதைக் காலால் மிதிக்கப் பார்த்தார். அது மறுபடியும் எழுந்தது.

அப்போது, ஜன்னலுக்கு மேலிருந்த காற்றோட்டத் துவாரத்தில் எட்டிப் பார்த்த இளம் கான்ஸ்டபிள் குதித்து இறங்கினான். முகம் வெளுத்திருந்தது. "சேர், அந்தம்மா கதவுக்குப் பக்கத்துலேயே நிக்குது. பெரிய கத்தி. தலைக்கு மேல ஓங்கி வெச்சிருக்கு."

சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து பிஸ்டலை உருவினான். அபேரத்ன தடுக்கவில்லை. இளைஞனின் கை நடுங்கியது. முறுக்கு மீசைக்காரன், முரடன், கத்திப் பேசுகிறவன், இவர்களுக்கெல்லாம் மாணிக்கவாசகம் பயந்ததில்லை. ஒரு நடுங்கும் கையைக் கண்டு பயந்தார். அந்தக் கை சுட்டுவிடும். வேண்டுமென்று சுடாது, தெரியாமல் சுட்டுவிடும்.

நளீம் நானா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பாஸ், நீங்க பார்சலுக்கு எழும்பிப் போன பொறகு அந்தச் சட்டத்தரணி மிஸ் இன்னொண்ணும் சொன்னாங்க."

"இப்பவா நானா அது?"

"இப்பத்தான். கடமையில வந்த பொலிஸுக்கு எதிரா அந்த உரிமைய அப்பிடி லேசில எடுக்க ஏலாதாம். உசிருக்கே மோசம் வரும்னு நெசமாப் பயந்திருக்கணுமாம். வந்தவன் பொலிஸுன்னு தெரியாம இருந்தா அது வேற கணக்காம்."

"அவளுக்குத் தெரியாதே நானா! கள்ளன்னு நம்பித்தானே நிக்கிறா! அப்ப சட்டம் அவ பக்கம்தானே?"

"இருக்கலாம். கோர்ட்டுல வெல்லவும் செய்யலாம்." நளீம் நானா பிஸ்டலைப் பார்த்தார். "ஆனா கோர்ட்டுக்குப் போக ஆள் உசிரோட இருக்கணும் பாஸ்."

சம்மட்டி மறுபடி ஓங்கியது. மேல் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் முதல்முறையாக மரம் முனகியது. வேறு எவருக்கும் கேட்டிருக்காது. செய்தவருக்குக் கேட்டது. இன்னும் கொஞ்சம்தான், பிறகு கதவு ஒரேயடியாகத் திறந்துகொள்ளும். தடித்தவர் நிலைதவறி உள்ளே விழுவார், கத்தி இறங்கும், பிஸ்டல் வெடிக்கும்.

"நிப்பாட்டுங்க சேர்!" என்று கத்தினார் மாணிக்கவாசகம். "நான் திறக்கிறேன்."

"எப்படி?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். எதிர் வீட்டுக்காரர், பேக்கரிக்காரர், போன மாதம் நிலை வைத்துக் கொடுத்த ஆசிரியர் குடும்பம், கிராமத்துக் கோயில் பூசகர். எல்லோரும் அவருடைய கதவுகளுக்குப் பின்னால் நிம்மதியாகத் தூங்குகிறவர்கள்.

"இவங்களையெல்லாம் கொஞ்சம் திரும்பி நிக்கச் சொல்ல முடியுமா சேர்?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல சேர்."

இனி அந்தத் தொழில் இரகசியத்தைச் சொல்லிவிடலாம். அன்றைக்கு அது ஊருக்கே தெரிந்துவிட்டது. நம்மவர்கள் வீட்டில் வாசற்கால் வைப்பதென்றால் இலேசான காரியமா? நாள் பார்த்து, நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, அடியில் நவதானியம் போட்டு, தேங்காய் உடைத்து நிறுத்துகிறோம். அதன் பிறகு அது மரமல்ல, இலட்சுமி. இலட்சுமிக்கு ஆணி அடிப்பார்களா? இரும்புத் துண்டு வைத்துச் சுவரோடு பிணைப்பார்களா? நளீம் நானாவின் வீட்டு நிலைக்கு ஆறு இடத்தில் இரும்பு பிடித்துக் கொடுத்த பாஸ், தன் வீட்டு நிலைக்குச் சுத்தியலை ஓங்கியபோது புஷ்பவதி குறுக்கே வந்து நின்றார். "நெலைக்கு ஆணி அடிச்சா வீட்டுக்கு ஆகாது. அடிக்கணும்னா என் தலையில அடிங்க." டவுன் கோயில் குடும்பத்துப் பெண்ணிடம் யார் வாதாடுவது? அன்றிலிருந்து அவர் செய்த வீடுகளில், சாமி கும்பிட்டு வைத்த நிலைக்கெல்லாம் மர ஆப்புத்தான். நிலைக்கும் சுவருக்கும் இடையில் வெளியிலிருந்து இறுக்கிய ஆப்பு. அதை மறைக்க அழகான பூ வேலைப் பட்டி. அந்தப் பட்டிக்கும் மர முளை. உள்ளே தள்ளத் தள்ள அந்த நிலை இறுகும். சம்மட்டி அடித்தாலும் யானை முட்டினாலும் இறுகும். உலகத்தில் வீடுடைக்க வருகிறவன் எவனும் கதவைத் தள்ளுவானே தவிர, பட்டியைப் பிடுங்கிவிட்டு இழுக்கமாட்டான். இந்த ஒரு நம்பிக்கையில்தான் பலாபத்வலையின் பாதிப் பேர் பாதுகாப்பாக இருந்தார்கள்.

மாணிக்கவாசகம் சட்டைப் பையிலிருந்த சின்ன உளியை எடுத்தார். பட்டியின் ஓரத்தில் வைத்துத் தட்டினார். முளை ஒன்று விலகியது. இன்னொன்று. பூ வேலைப் பட்டி, அவர் இரண்டு வாரம் செதுக்கியது, கையோடு வந்தது. கூட்டம் எட்டிப் பார்த்தது. ஆப்புகள் வரிசையாகத் தெரிந்தன, சிறுபிள்ளையின் பால் பல்லைப் போல.

"ஆணியே இல்லையா?" என்றார் ஆசிரியர்.

பூசகர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

முதல் ஆப்பை உருவியபோது உள்ளே புஷ்பவதியின் குரல்: "என்னங்க? என்னங்க செய்றானுங்க?" இப்போது அந்தக் குரலில் அன்பும் இல்லை, உறுதியும் இல்லை. பயம் மட்டும்தான். இனி என்ன சொன்னாலும் புஷ்பவதி நம்பமாட்டார். மாணிக்கவாசகம் ஆப்பை ஒவ்வொன்றாக உருவினார். கை தானாக வேலை செய்தது. கண்ணோரத்தில் பிஸ்டல் தெரிந்தது.

"சேர், இது பாரம். ரெண்டு பேர் பிடிக்கணும். விட்டா அப்படியே சாஞ்சிடும்," என்றார். சம்மட்டிக்காரரை இடப்பக்கம் நிறுத்தினார். பிறகு இளம் கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்து, சிங்களத்தில் தம்பி என்று அழைத்தார். "மல்லி, நீங்க இந்தப் பக்கம். ஒரு கையால முடியாது. ரெண்டு கையும் வேணும்."

இளைஞன் சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். சப் இன்ஸ்பெக்டர் பாஸைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையசைத்தார். பிஸ்டல் உறைக்குள் போனது. மாணிக்கவாசகம் இதை யோசித்துத்தான் செய்தாரா, அல்லது பாரம் தூக்கப் பக்கத்தில் நிற்பவனைக் கூப்பிடும் தச்சனின் சுபாவமா என்று ஊரில் இன்னும் இரண்டு கட்சி உண்டு.

"நான்தான் மொதல்ல போவேன் சேர்."

"வெட்டிட்டா?"

"வெட்டினா என்னையத்தானே வெட்டுவா."

கடைசி ஆப்பை உருவினார். "மெதுவா. உங்க பக்கம் இழுங்க. தள்ளாதீங்க, இழுங்க." கதவும் நிலையும் தாழ்ப்பாள் மூன்றும் ஒன்றாக, பூட்டியது பூட்டியபடியே, சுவரை விட்டு வெளியே வந்தன. பொட்டும் மஞ்சளும் மாறாமல் இலட்சுமி இரண்டு பொலிஸ்காரர் கையில் சாய்ந்தாள். இருட்டாக ஒரு பெரிய ஓட்டை திறந்தது. மாணிக்கவாசகம் அதற்குள் காலை வைத்தார்.

ஒரு சட்டிச் சிவப்புத் தண்ணீர் அவர் முகத்தில் வந்து விழுந்தது.

மிளகாய்த் தூள் கரைத்த தண்ணீர். இது அவர் கற்றுக்கொடுத்த பாடத்தில் இல்லாதது. புஷ்பவதியின் சொந்தச் சிந்தனை. கண்ணில் நெருப்பு வைத்தது போலிருந்தது. கத்தவேண்டும் போலிருந்தது. கத்தினால் பின்னால் இருப்பவர்கள் ஓடிவருவார்கள் என்று பல்லைக் கடித்தார். கண்ணைத் திறக்க முடியவில்லை. கத்தி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இரண்டு கையையும் விரித்து, வாசலை முழுதாக அடைத்துக்கொண்டு, அசையாமல் நின்றார்.

"புஷ்பா," என்றார், மிகவும் மெல்ல. "கழுத்தப் பாரு. தடவிப் பாரு. யாருமில்ல."

மூச்சுச் சத்தம் கேட்டது. அது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஒரு கை வந்தது. பூக் கட்டிக் கட்டிக் காய்த்துப்போன விரல்கள். அவர் கழுத்தை இடப்பக்கம் தடவின, வலப்பக்கம் தடவின, பிடரிக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தன.

மன்னாக் கத்தி தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது. எறியவில்லை, வைத்தார்.

"நெசப் பொலிஸா?" என்றார் புஷ்பவதி.

"நெசம்."

"என்னத்தத் தேடுறாங்களாம்?"

"தெரியல. தேடிப் பாக்கட்டும்."

புஷ்பவதி புடவைத் தலைப்பை நனைத்து அவர் கண்ணைத் துடைக்கப் போனார். வேண்டாம் என்று கையை விலக்கினார் மாணிக்கவாசகம். கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாசல் இருந்த இடத்தில் பொலிஸார் நால்வரும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊர் நின்றது. கூடமெங்கும் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. கால் வைக்க இடமில்லை.

அவர் குருடனைப் போல் குனிந்து, தரையைத் தடவி, பாயின் விளிம்பைக் கண்டுபிடித்தார். மிளகு சிந்தாமல் அதை மெதுவாகச் சுருட்டி, சுவரோரம் தள்ளி, நடுவில் ஒரு வழி செய்தார்.

"வாங்க சேர்," என்றார்.